மூடுபனிக் காலையில் மருத்துவமனைக்குப் புறப்படும்போது

மார்கழியின் பிற்பகுதியிலும் தை மாதத்திலும் சின்ன காஞ்சிபுரத்தில் சில காலைப்பொழுதுகள் வெண்மையாகவே விடிகின்றன. வரதராசப் பெருமாள் கோயிலின் இராசகோபுரத்தைச் சன்னதித் தெருவில் நின்று தேடினாலும் அது புலப்படுவதில்லை. தெருவில் பாவு நீட்ட வேண்டிய நெசவாளர்கள் வெயிலை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். அதே வேளையில், சென்னையிலோ வேலூரிலோ மருத்துவரைக் காண நாள் குறிக்கப்பட்ட குடும்பங்கள், நோயாளியை வண்டியில் ஏற்றுவதா, சற்றுப் பொறுப்பதா என்று வாசலில் நின்று தயங்குகின்றன.

அந்தத் தயக்கம் நியாயமானதே. பனி விலகும் வரை காத்திருப்பது சில நோயாளிகளுக்கு நன்மை தரும். வேறு சிலருக்கு அதுவே பெருந்தீங்காக முடியும். இரண்டையும் பிரித்தறிவதற்கு, மூடுபனி எவ்வாறு உண்டாகிறது, எப்போது கலைகிறது, உடலையும் பயணத்தையும் எவ்விதம் பாதிக்கிறது என்பவற்றை அறிந்திருத்தல் நலம்.

மூடுபனி என்பது யாது?

மூடுபனி என்பது நிலத்தைத் தொட்டு நிற்கும் மேகமே. வானில் மிதக்கும் மேகத்துக்கும் அதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் வெண்படலம் பெரும்பாலும் மலைச்சரிவைத் தொட்ட மேகம். காஞ்சிபுரம் போன்ற சமவெளி ஊர்களில் அது தரையருகிலேயே பிறக்கிறது.

காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வெப்பமான காற்று மிகுதியான நீராவியையும், குளிர்ந்த காற்று குறைந்த அளவு நீராவியையும் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது; 20 பாகையில் ஏறத்தாழ 17 கிராமை மட்டுமே தாங்கும். ஆகவே ஈரம் மிகுந்த காற்று இரவில் குளிர்ந்துகொண்டே வரும்போது, இனித் தாங்க இயலாது என்னும் நிலையை ஒரு கட்டத்தில் அடைகிறது. அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். அதற்குக் கீழே குளிர்ந்தால் மிகுதியான நீராவி நீராக மாறியே தீரும். புல்நுனியிலும் ஓட்டுக்கூரையிலும் படிந்தால் அது பனித்துளி. காற்றிலேயே நுண்துளிகளாக மிதந்தால் அது மூடுபனி.

இத்துளிகள் உருவாவதற்குப் பற்றுக்கோடு வேண்டும். காற்றில் மிதக்கும் தூசி, புகைத்துகள், கடலுப்பு ஆகியவற்றின் மீதே நீராவி ஒடுங்குகிறது. துளி ஒன்றின் விட்டம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு அளவே இருக்கும். இவ்வளவு சிறியதாயிருப்பதால் அது விழுவதும் மிக மெதுவாகவே நிகழ்கிறது. அதனால்தான் மூடுபனி மிதந்து நிற்பதாகத் தோன்றுகிறது. ஒரு கன மீட்டர் மூடுபனியில் உள்ள நீரின் அளவு பெரும்பாலும் அரை கிராமுக்கும் குறைவு. ஆயினும் அந்நீர் எண்ணற்ற துளிகளாகப் பிரிந்து ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் நம் பார்வை மறைகிறது.

பார்வைத் தொலைவு ஒரு கிலோமீட்டருக்குக் கீழே குறையும்போதுதான் வானிலையாளர் அதனை மூடுபனி என்கின்றனர். 200 மீட்டருக்குக் கீழே குறைந்தால் அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்குக் கீழே குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி. அளவுகோல் இல்லாதவர்களுக்கு மின்கம்பங்களே துணை. தெருவில் இரு கம்பங்களுக்கு இடைப்பட்ட தொலைவு பெரும்பாலும் 30 முதல் 50 மீட்டர் வரை இருக்கும். அடுத்த கம்பமே தெரியவில்லை என்றால் அது வண்டி ஓட்டத் தகுந்த நேரமன்று.

நம் ஊரில் ஏன் இந்த மாதங்களில்?

தமிழர் ஓராண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது, மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்றும் பெயரிட்டனர். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்னும் பழமொழியும் இந்தப் பட்டறிவில் பிறந்ததே.

காரணம் எளிது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து ஓய்கிறது. தாமல், தென்னேரி முதலான ஏரிகளில் நீர் நிற்கிறது. வயல்களும் ஈரமாக இருக்கின்றன. எனவே காற்றுக்கு ஈரம் குறைவின்றிக் கிடைக்கிறது. மழை நின்றபின் வானம் தெளிகிறது. மேகம் போர்வையைப் போல் மூடியிருக்கும் இரவுகளில் நிலத்தின் வெப்பம் எளிதில் வெளியேறாது. தெளிந்த வானத்தின் கீழ் அவ்வெப்பம் தடையின்றி மேலே செல்கிறது. இரவும் நீண்டிருப்பதால் நிலம் நன்கு குளிர்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. காற்றோட்டம் மிகக் குறைவாக இருந்தால் அந்தக் குளிர்ந்த ஈரக்காற்று கலைந்துபோகாமல் தரையருகே தங்கி, மூடுபனியாகிறது. பலத்த காற்று வீசும் இரவிலும், மேகம் சூழ்ந்த இரவிலும் இவ்வகை மூடுபனி தோன்றாமைக்கு இதுவே காரணம்.

சூரியன் உதிக்கும் வேளையை ஒட்டியே தரையின் குளிர் உச்சத்தை அடைகிறது. ஆகவே மூடுபனியும் அப்போதுதான் பெரும்பாலும் அடர்ந்திருக்கும். விடிந்துவிட்டது என்பதாலேயே சாலை தெளிந்துவிட்டது என்று கருதலாகாது. வெயில் ஏறி நிலம் சூடானபின் துளிகள் மீண்டும் ஆவியாகின்றன. நம் பகுதியில் பெரும்பாலான நாட்களில் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் பனி விலகிவிடுகிறது. மருத்துவமனைப் பயணத்தைத் திட்டமிடுவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

தறிக்கும் தெருவுக்கும் நேர்வது

பட்டு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. துணித்தொழிலில் பட்டின் இயல்பான ஈர அளவு அதன் உலர்ந்த எடையில் 11 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். காற்றில் ஈரம் கூடினால் இழையும் கூடுதலாக ஈரத்தை ஏற்கிறது. கஞ்சி தோய்த்துத் தெருவில் நீட்டிய பாவு உலர்வதற்கு வெயில் வேண்டும். ஆதலால் மூடுபனி நாளில் வேலை பிந்தித் தொடங்குகிறது. குழித்தறியில் அமர்வோருக்கு இன்னொரு கவலையும் உண்டு. மழைக்காலத்தில் ஊறிய குழியின் ஈரம் தை மாதத்திலும் முற்றாக வற்றியிராது. குளிரும் ஈரமும் சேர்ந்து மூட்டு விறைப்பையும், ஈரச்சுவரில் படரும் பூஞ்சை ஆஸ்துமாவையும் மிகுவிக்கக் கூடும். வெயில் வந்தவுடன் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருதலும், குழியில் கால்களுக்கு உலர்ந்த சாக்கோ பலகையோ இடுதலும் பயன் தரும்.

புகை சேரும்போதுதான் கேடு

தூய மூடுபனி வெறும் நீரே. அதனைச் சுவாசிப்பதால் நலமான ஒருவருக்கு நோய் வருவதில்லை. கேடு விளைவது வேறொன்றினால். மூடுபனி தோன்றும் இரவுகளில் தரையருகே குளிர்ந்த காற்றும், அதன் மேலே சற்று வெப்பமான காற்றும் அடுக்காக நிற்கின்றன. இது வழக்கத்துக்கு மாறான வெப்பநிலை அமைப்பு. மேலே உள்ள வெப்பக்காற்று பானையின் மூடியைப் போல் அமைந்து, கீழே உண்டாகும் புகையை மேலெழ விடாது தடுக்கிறது. விறகடுப்பு, குப்பை எரிப்பு, வாகனம், செங்கல் சூளை ஆகியவற்றின் புகை யாவும் நாம் மூச்சு விடும் உயரத்திலேயே தேங்குகிறது. புகைத்துகள்கள் மிகுந்தால் பனித்துளிகளின் எண்ணிக்கையும் கூடும். பார்வை மேலும் மறையும்.

போகிப் பண்டிகையன்று காலை இதனை நாம் கண்கூடாகக் காண்கிறோம். 2018 சனவரி 13 அன்று போகிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையை மறைத்தன. பல விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. விமானத்துக்கு நேர்ந்தது செய்தியாயிற்று. அதே காற்றைச் சுவாசித்த ஆஸ்துமா நோயாளிகளின் துன்பம் அவரவர் வீட்டோடு நின்றது.

உலக அளவில் இதற்குக் கொடிய சான்று இலண்டன் மாநகரம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் அந்நகரைச் சூழ்ந்தன. இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என அன்று கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதனை ஏறத்தாழ 12,000 என மதிப்பிட்டன. முதியோரும், குழந்தைகளும், நுரையீரல் மற்றும் இதய நோயாளிகளுமே பெரும்பாலும் பலியாயினர். அந்தப் பேரிழப்பின் விளைவாக 1956-இல் அந்நாட்டில் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. நம் ஊரின் பனி அத்தகையது அன்று. எனினும், பழைய டயரையும் பிளாசுட்டிக்கையும் விடியற்காலையில் எரிப்பவர், அடுத்த வீட்டில் மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவரின் மார்பின் மீது அப்புகையை ஏற்றுகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடலில் நிகழ்வன

குளிர்காற்று மூச்சுக்குழல்களைச் சுருங்கச் செய்யும். அதனுடன் புகை சேர்ந்தால் சளி மிகும். ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் தீவிரமடையும். குளிரால் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தமும் ஏறுகிறது. இதயத்தின் பளு கூடுகிறது. எனவே இந்நோய்கள் உள்ளோர் அதிகாலை நடைப்பயிற்சியை வெயில் வந்தபின் வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரை நாள் தவறாமல் பயன்படுத்த வேண்டும். 'இன்று மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது' என்று நிறுத்திவிட்டவர்களே இம்மாதங்களில் மிகுதியாக இடர்ப்படுகிறார்கள். வெளியே சென்றே ஆகவேண்டுமெனில் மூக்கும் வாயும் இறுக மூடும் என்95 முகக்கவசம் நுண்புகையைத் தடுக்கும். துண்டும் மப்ளரும் குளிரைத் தடுக்குமேயன்றிப் புகையைத் தடுப்பதில்லை. முகக்கவசம் அணிந்தால் மூச்சு முட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்டே அணிய வேண்டும்.

மார்கழி அதிகாலையில் ஓசோன் மிகுந்திருப்பதால் அக்காற்று நுரையீரலுக்கு நல்லது என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இது சரியன்று. தரையருகே உள்ள ஓசோன் சூரிய ஒளியின் துணையால் உண்டாவது. ஆதலால் விடியற்காலையில் அது குறைந்தே இருக்கும். மேலும், சுவாசிக்கும் காற்றில் ஓசோன் மிகுந்தால் அது நுரையீரலுக்குத் தீங்கே செய்யும். கோலமிடுதலும் கோயிலுக்குச் செல்லுதலும் மனத்துக்கு இதம் தருபவை. நலமாயிருப்போர் அவற்றைத் தயக்கமின்றித் தொடரலாம். நுரையீரல் நோயுள்ள பெரியவர்கள் மட்டும் அடர்ந்த பனி நாட்களில் சற்றுப் பிந்திச் செல்லட்டும்.

இன்னொன்றும் கூற வேண்டும். வெயில் வந்தபின்னும் 'பனி மூடியது போல் தெரிகிறது' என்று வீட்டுப் பெரியவர் கூறினால் அது கண்புரையாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வை திடீரென்று மறைந்தால் அன்றே, அப்போதே காட்ட வேண்டும்.

சாலையில் கணக்கு

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே உள்ளதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் வண்டி 25 மீட்டர் கடந்துவிடும். ஈரச் சாலையில் அது நிற்பதற்கு மேலும் 28 மீட்டர் அளவில் வேண்டும். ஆக மொத்தம் 50 மீட்டருக்கு மேல். பார்வை 50 மீட்டராக உள்ள பனியில் இவ்வேகத்தில் செல்பவர், கண்ட பொருளின் மீது மோதாமல் நிற்க இயலாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே வண்டி 20 மீட்டருக்குள் நின்றுவிடும். பனியில் சுற்றுப்புறம் மங்கலாகத் தெரிவதால் நம் வேகம் குறைவாகவே இருப்பதாக மனம் மயங்குவதுண்டு. ஆகவே உணர்வை நம்பாமல் வேகமானியைப் பார்க்க வேண்டும்.

முகப்பு விளக்கைத் தாழ்த்தியே எரிய விடுங்கள். உயர்த்திய ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி ஓட்டுநரின் கண்ணையே கூசச் செய்யும். சாலையின் இடது ஓரக்கோட்டைத் துணையாகக் கொள்ளுங்கள், முந்திச் செல்லாதீர்கள். மேலே செல்ல இயலாதபோது சாலையின் மீது நிறுத்தாமல், பெட்ரோல் நிலையம், உணவகம் போன்ற இடங்களுக்குள் முழுமையாக ஒதுங்கி நிறுத்துங்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓரமாக நிற்கும் சரக்கு லாரிகள் கடைசி நொடியிலேயே கண்ணுக்குப் படும் என்பதை மறவாதீர்கள். நோயாளியை இருசக்கர வண்டியில் அமர்த்திச் செல்வதை அடர்ந்த பனியில் அறவே தவிருங்கள். இரயில் வசதி இருந்தால் அதுவே மேல். சற்றுத் தாமதமாகலாம், ஆனால் சாலையினும் இடர் குறைவு.

எது காத்திருக்கலாம், எது காத்திருக்கலாகாது?

வழக்கமான மறுபரிசோதனை, இரத்தப் பரிசோதனை, மருந்து வாங்குதல், ஸ்கேன் ஆகியவை ஓரிரு மணி நேரம் பொறுக்கும். பனி விலகியபின் புறப்படுங்கள். புறப்படும் முன் உரிய பிரிவுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். ஒரு மணி நேரம் பிந்தி வருவதற்காக எந்த மருத்துவரும் சினங்கொள்ளமாட்டார்.

டயாலிசிசு செய்துகொள்வோர் பனியைக் காரணமாகக் கொண்டு அன்றைய முறையைக் கைவிடலாகாது. நேரத்தை மாற்றித் தருமாறு பிரிவைக் கேளுங்கள். காத்திருக்கும் வேளையில் நீரின் அளவைக் கட்டுப்படுத்துங்கள். இளநீரும் பழச்சாறும் வேண்டா, அவற்றில் பொட்டாசியம் மிகுதி.

நீரிழிவு நோயாளி வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கச் செல்லும் நாளில், காலை இன்சுலினையும் மாத்திரையையும் எப்போது எடுப்பது என்பதை முன்னாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்தை எடுத்துவிட்டு உணவின்றிப் பனியில் சிக்கிக்கொள்வது ஆபத்து. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாதீர்கள்.

வீட்டில் ஆக்சிசன் பயன்படுத்துவோர் பயண நேரத்தைக் கணக்கிட வேண்டும். 1,500 லிட்டர் கொண்ட சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 750 நிமிடங்களுக்கு, அதாவது பன்னிரண்டரை மணி நேரத்துக்கு வரும். வழக்கமான பயண நேரத்தைப்போல் இருமடங்குக்குப் போதுமான அளவு இருப்பதை உறுதி செய்தபின்னரே புறப்படுங்கள்.

ஆனால் கீழ்க்காணும் அறிகுறிகளுக்குப் பனி விலகும் வரை காத்திருத்தல் கூடவே கூடாது.

மார்பில் அழுத்தும் வலி, அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், உடன் வியர்த்தல்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுங்கள்.

இன்ஹேலர் பயன்படுத்தியும் தீராத மூச்சுத்திணறல், உதடு நீலம் பாரித்தல், ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை.

பேறுகால வலி, இரத்தப்போக்கு, வலிப்பு, நினைவிழப்பு.

இத்தகைய நேரங்களில் தொலைவில் உள்ள பழகிய மருத்துவமனையைத் தேடிச் சொந்த வண்டியில் பனிக்குள் விரையாமல், உடனே 108 எண்ணை அழையுங்கள். அவ்வூர்தியில் ஆக்சிசனும் பயிற்சி பெற்ற பணியாளரும் உண்டு. வழியிலேயே முதலுதவி தொடங்கிவிடும். தேவையான வசதியுள்ள அண்மை மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நிலை சீரானபின் மேல் சிகிச்சைக்கு மாற்றிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் விளக்கேற்றி, ஒருவர் தெருமுனையில் கைவிளக்குடன் நின்றால், பனியில் வீடு தேடும் நேரம் மிச்சமாகும்.

முன்னாள் இரவே செய்யத்தக்கவை

மருத்துவக் கோப்பு, அன்றாட மருந்துகள், இன்ஹேலர், குடிநீர், சிறிதளவு உணவு, சர்க்கரைப் பொட்டலம், போர்வை, மின்னேற்றம் நிறைந்த கைபேசி ஆகியவற்றை ஒரே பையில் எடுத்து வையுங்கள். இரவில் வானம் தெளிந்து, காற்று அசையாது, புல்லில் பனி கோத்திருந்தால் விடியலில் மூடுபனியை எதிர்பார்க்கலாம். வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பையும் பாருங்கள். பனிக்கால மாதங்களில் முன்பதிவு செய்யும்போதே, 'காலை பத்து மணிக்குமேல் நேரம் கிடைக்குமா?' என்று கேளுங்கள். தொலைவிலிருந்து வரும் நோயாளிகளுக்கு அத்தகைய நேரத்தை ஒதுக்குவது பெரும்பாலும் இயல்வதே.

நோயாளியை உடனிருந்து பேணுவோர்க்கு இறுதியாக ஒரு சொல். காலந்தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் விடியுமுன் வண்டியை எடுப்பது அன்பினால் செய்யப்படுவதே. ஆயினும் பொறுக்கக்கூடிய பயணத்தைப் பொறுத்துச் செய்வதும் அன்புதான். பொறுக்கலாகாத அறிகுறியைக் கண்டால் ஒரு நொடியும் தயங்காது உதவியை அழையுங்கள். மற்ற நாட்களில், வெயில் ஏறிக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபின் புறப்படுங்கள். உங்களுக்காக நாங்கள் காத்திருப்போம்.